கல்லில் வெட்டியதெல்லாம் உண்மையா? பழைய தமிழக வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் சுவரில் இருக்கிறது, செப்பேட்டில் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி முடியக்கூடாது என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். சோழர், பாண்டியர் காலத்தைச் சுற்றித்தான் பெரும்பாலான பதில்கள் இருக்கும்.

கல்வெட்டு அந்தக் காலத்திலேயே எழுதியது. அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நல்ல சாட்சிதான். எதற்குச் சாட்சி என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வரலாறு எழுதுவதற்காக வெட்டப்பட்டவை அல்ல. ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு எரியத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுத்திருப்பார். ஒரு சபை நிலத்தை விற்றிருக்கும். ஓர் ஊருக்கு வரி நீக்கியிருப்பார்கள். நாளைக்கு யாரும் இல்லையென்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக அதைக் கல்லில் ஏற்றினார்கள்.

நீளமான சோழர் கல்வெட்டு ஒன்றை எடுத்தால் அதில் இரண்டு குரல்கள் கேட்கும். மேலே அரசனின் புகழ், அதாவது மெய்க்கீர்த்தி. கீழே கணக்கு: கீழ்பாற்கெல்லை (கிழக்கெல்லை) எது, மேல்பாற்கெல்லை (மேற்கெல்லை) எது, எத்தனை வேலி நிலம், யார் யார் கையெழுத்து என்று போகும். கீழ்ப்பகுதியில் பொய் சொல்வது கடினம். எல்லையில் நிலம் வைத்திருப்பவன் பக்கத்திலேயே இருக்கிறான், சபையார் ஒவ்வொருவராக 'இவை என் எழுத்து' என்று ஒப்பம் வைத்திருக்கிறார்கள். மேல்பகுதியைச் சரிபார்க்க ஊரில் யாருக்கும் வேலையில்லை. அரண்மனையிலிருந்து வந்த வாசகத்தை அப்படியே வெட்டிவிடுவார்கள்.

அதனால் என் வழக்கம் இது: கணக்கை அதிகமாக நம்புவேன், புகழைக் குறைவாக நம்புவேன். இதற்கும் விதிவிலக்கு உண்டு, கீழே வரும்.

மெய்க்கீர்த்தியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். எதிராளியின் கல்வெட்டோடு சேர்த்துப் படித்தால் அதிலும் நிறைய கிடைக்கும்.

1054 வாக்கில் கொப்பத்தில் சோழருக்கும் சாளுக்கியருக்கும் போர். சோழ அரசன் இராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டு போரைத் திருப்பினான். தம்பியின் மெய்க்கீர்த்தியைப் படித்தால் சாளுக்கிய ஆகவமல்லன் தோற்று ஓடினான், அவனுடைய யானைகளையும் தேவியரையும் பிடித்தோம் என்று ஒரே வெற்றி முழக்கம். அண்ணனைப் பிற்காலக் கல்வெட்டுகள் 'யானைமேல் துஞ்சியருளின' தேவர் என்று மரியாதையாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகும்.

இனிக் கர்நாடகத்துக்குப் போங்கள். அண்ணிகேரியில் 1071ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் சோழன் ஒரு பாவி. பெள்வொல நாட்டில் சமணக் கோயில்களை எரித்தவன், அந்தப் பாவத்துக்கு ஆகவமல்லனிடம் தலையைக் கொடுத்தவன். கோயில் எரிப்பு பற்றிச் சோழர் பக்கத்தில் பேச்சே கிடையாது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை போலும்.

யார் ஜெயித்தார்கள் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. போர் நடந்தது, அதில் சோழ அரசன் இறந்தான் என்பதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிறது. எதிரிகள் இருவர் ஒத்துக்கொள்வதுதான் நமக்குக் கிடைக்கும் உறுதியான தரை.

949இல் சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும் நடந்த தக்கோலப் போரிலும் இதே கதை. இளவரசன் இராஜாதித்தன் இறந்ததைச் சோழர் செப்பேடு எழுதும்போது, எதிரியைக் கலங்கடித்துவிட்டு, யானைமேல் இருக்கையில் அம்பு பட்டு, மூவுலகும் புகழ விண்ணுலகம் போனான் என்கிறது. மண்டியா பக்கத்து ஆதகூர்க் கல்லோ, இராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன் அவனைக் கொன்றான் என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறது. அந்தக் கல்லே ஒரு நாய்க்காக நட்டது. மணலேரன் என்ற வீரனுக்குப் பூதுகன் பரிசாகக் கொடுத்த காளி என்ற நாய், பன்றியோடு சண்டையிட்டுத் தானும் செத்து அதையும் சாகடித்தது. நாயின் நினைவுக்கு எழுப்பிய கல்லில் ஒரு சோழ இளவரசனின் சாவு போகிறபோக்கில் பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்த மாதிரிச் சாட்சிகள்மேல்தான் அதிக நம்பிக்கை.

இராஜேந்திரன் கடாரம் கொண்டது உண்மையா, கற்பனையா?

கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. படையெடுப்பு நடந்தது என்பதை ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆண்டு 1025 வாக்கில். ஆனால் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கும் அந்த வெற்றிப் பட்டியல் சோழரின் சொந்த வாக்குமூலம். அதை வைத்துக்கொண்டு தென்கிழக்கு ஆசியாவையே பல தலைமுறை ஆண்டோம் என்று இப்போது பேசுவது, அந்த மெய்க்கீர்த்திகூடச் சொல்லாத ஒன்று.

சீனப் பதிவைப் பார்த்தால் சிரிப்பு வரும். இராஜேந்திரன் தாக்கிய சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசு 1028இலேயே சீனத்துக்குத் தூது அனுப்பியிருக்கிறது, ஒன்றும் அழிந்துபோய்விடவில்லை. 1106இல் பர்மாவின் பகானிலிருந்து தூதர்கள் வந்தபோது அவர்களை எந்த மரியாதையில் வரவேற்பது என்று சோங் அரசவையில் பேச்சு நடந்தது. அப்போது அதிகாரிகள் சொன்னது, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு என்பது. நம்முடைய கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி. சீனக் குமாஸ்தாவுக்கு அதில் எந்த லாபமும் இல்லை, அவருக்கு யாரோ சொன்னதை எழுதிக்கொண்டார். லாபம் இல்லாதவர் எழுதியதும் தவறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

களப்பிரர் காலம் 'இருண்ட காலம்' என்று பள்ளியில் படித்தோம். அதுவாவது உண்மையா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். சங்ககாலத்துக்குப் பிறகு, ஏறத்தாழ மூன்று முதல் ஆறாம் நூற்றாண்டு வரை, களப்பிரர் என்ற அரச மரபினர் தமிழகத்தை ஆண்ட காலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

களப்பிரர் கெட்டவர்கள் என்ற எண்ணத்துக்கு முக்கிய ஆதாரம் வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 770ஐ ஒட்டி எழுதியது. அது சொல்லும் கதை இதுதான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழைய பாண்டியன், வேள்வி செய்து முடித்த கொற்கைகிழான் நற்கொற்றன் என்ற பிராமணருக்கு வேள்விக்குடி ஊரைக் கொடுத்தான். நெடுநாள் அனுபவித்தார்கள். அப்புறம் 'களப்ரனென்னும் கலியரசன்' வந்து அரசர்களை விரட்டி நாட்டைப் பிடித்தான், ஊர் கைவிட்டுப் போயிற்று. பின்னால் கடுங்கோன் என்ற பாண்டியன் நாட்டை மீட்டான். அவன் வழியில் பல தலைமுறை கழித்து நெடுஞ்சடையன் ஆளும்போது, நற்கொற்றன் வழிவந்த நற்சிங்கன் அரசனிடம் முறையிட்டார். பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு நிரூபித்துப் பெற்றுக்கொள் என்று அரசன் சொல்ல, அவரும் நிரூபித்து ஊரைத் திரும்பப் பெற்றார்.

இது என்ன ஆவணம் என்று யோசித்துப் பாருங்கள். நிலப் பத்திரம். இன்றைக்கு நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம், நடுவில் யார் கைக்குப் போனது, வில்லங்கம் என்ன என்று பார்க்கிறோமே, அந்த வேலையைத்தான் இந்தச் செப்பேடு செய்கிறது. களப்பிரன் இதில் வில்லங்கம். நிலத்தை இழந்ததாகச் சொல்லும் குடும்பமும், களப்பிரரை விரட்டிய வம்சத்தில் வந்த அரசனும் சேர்ந்து எழுதிய வாசகத்தில் களப்பிரனுக்கு நல்ல பெயர் எப்படிக் கிடைக்கும்?

கொடைக்கும் செப்பேட்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் போய்விட்டன. அவ்வளவு பழைய உரிமையை 'நாட்டார்' எப்படி நினைவு வைத்திருந்தார்கள், எதைக் காட்டி நிரூபித்தார்கள் என்பதைச் செப்பேடு விளக்கவில்லை. முதுகுடுமி உண்மையான அரசன்தான், புறநானூற்றில் அவன் வேள்விகளைப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அவன் கொடுத்த இந்த ஊர் பற்றிய செய்தி நமக்குக் கிடைப்பது உரிமை கேட்டு வந்தவர் வாயிலாகத்தான். கணக்குப் பகுதியை நம்பலாம் என்று முதலில் சொன்னதற்கு விதிவிலக்கு இதுதான். எல்லையைச் சொல்லும் வரி நம்பகமானது, உரிமையின் பூர்வகதையைச் சொல்லும் வரி அவ்வளவு நம்பகமானது அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் வரலாறு எழுதியவர்கள் அந்தக் கலியரசனை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீலகண்ட சாஸ்திரி போன்ற பெரிய அறிஞரே களப்பிரரை நாகரிகத்துக்கு எதிரிகள் என்ற தொனியில் எழுதினார். அது பாடப்புத்தகத்துக்கு வந்தது. பாடப்புத்தகத்திலிருந்து போட்டித்தேர்வுக்கு வந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி அந்தக் காலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு மறுத்து எழுதிய பிறகும் 'இருண்ட காலம்' என்ற பெயர் போகவில்லை.

மறுபக்கச் சான்றுகள் என்னென்ன? புத்ததத்தர் என்ற பௌத்தத் துறவி சோழநாட்டில் இருந்துகொண்டு பாலியில் நூல் எழுதினார். அச்சுதவிக்கந்தன் ஆளும் காலத்தில் எழுதியதாகச் சொல்லும் அவர், களப்பிர குலத்து அரசனான அவனைப் பழிக்கவில்லை. யாப்பருங்கல விருத்தி என்ற யாப்பிலக்கண உரைநூலில் அச்சுதன் என்ற அரசனைப் புகழும் பழம்பாடல்கள் மேற்கோளாக வருகின்றன. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் பல இந்தக் காலத்தவை என்பது பரவலான கருத்து. இவ்வளவு எழுத்து வந்த காலத்தை இருட்டு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது 1979இல் வெளிச்சத்துக்கு வந்த பூலாங்குறிச்சிக் கல்வெட்டு, சிவகங்கை மாவட்டம். ஐந்தாம் நூற்றாண்டையொட்டியது என்று கணிக்கிறார்கள். சேந்தன் கூற்றன் என்ற அரசன் பெயர் வருகிறது. அவன் களப்பிரனா இல்லையா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. களப்பிரன்தான் என்றால், பிராமணர் நிலத்தைப் பிடுங்கியவர்கள் என்ற கதை ஆட்டம் காண்கிறது. அந்தக் கல்வெட்டில் தேவகுலமும் வருகிறது, துறவிகளின் தாபதப்பள்ளியும் வருகிறது, பிரம்மதாயம் என்ற பிராமணர் நில உரிமையும் வருகிறது.

பெரியபுராணத்துக்குள்ளேயே இரண்டு படம் உண்டு. மூர்த்தி நாயனாரைத் துன்புறுத்திய கருநாடர் மன்னன் சமணன், கொடியவன். அதே நூலில் களந்தைக் கூற்றுவ நாயனார் தீவிர சிவபக்தர், தில்லை அந்தணர் அவருக்கு முடிசூட்ட மறுத்துச் சேரநாடு போய்விடுகிறார்கள். இருவரையுமே களப்பிரர் என்று கருதுவோர் உண்டு.

ஆக, களப்பிரர் நல்லவர்களா? அப்படியும் நான் சொல்லவில்லை. அவர்கள் தரப்பில் பேசும் ஆவணம் மிகக் குறைவு, அவ்வளவுதான்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

ஆதித்த கரிகாலன் முதலாம் இராஜராஜனின் அண்ணன், கொல்லப்பட்ட சோழ இளவரசன். பிரபலமான கதை ஒன்றைப் படித்துவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நம் கையில் இருப்பது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் ஆகியோரை 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற' துரோகிகள் என்று அது குறிப்பிடுகிறது.

அது கொலை விசாரணை அறிக்கை அல்ல. துரோகிகளும் உறவினரும் வைத்திருந்த நிலத்தைப் பறிமுதல் செய்து விற்க ஆணை, அதை ஒருவர் வாங்கிக் கோயிலில் தர்மத்துக்கு வைத்த செய்தி, இவ்வளவுதான். ஏன் கொன்றார்கள், யார் தூண்டியது என்பதெல்லாம் அதில் இல்லை. நடுவில் ஆண்ட உத்தம சோழன்மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம், கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கும் மேலாகிய பிறகு இராஜராஜன் காலத்தில் இந்த ஆணை வருவதுதான். உத்தம சோழனே நடவடிக்கை தொடங்கியிருக்கலாம், கல்வெட்டு அதன் கடைசிக் கட்டத்தைத்தான் காட்டுகிறது என்று எதிர்வாதம் செய்தவர்களும் உண்டு. ஒரு நில விற்பனைப் பத்திரத்திலிருந்து சதித்திட்டத்தை முழுதாகக் கட்டி எழுப்ப முடியாது. கதை எழுதுகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது, வரலாறு எழுதுகிறவருக்கு இல்லை.

சாதாரண மக்கள் இந்தப் பதிவுகளில் எங்கே?

சிலர் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்களின்) பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறது. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. நாவிதர் ஒருவருக்குக்கூட 'இராஜராஜப் பெருநாவிசன்' என்ற பட்டம் இருக்கிறது. நாம் கொடுத்தது, நம் அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாம் கல்லிலே வெட்டுக என்று அரசனே சொன்னதாக அங்கே வாசகம்.

அதே கோயில் சுவரில், அந்தக் கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் வரியில்லாத நிலங்களின் பட்டியலையும் பாருங்கள். ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரும். அந்த நெல்லை விளைவித்தவர்கள் பதிவில் இருப்பது இப்படி, ஒரு நிலவகையாக. ஒரு பெயர்கூட இல்லை. கோயிலுக்குக் கொடுத்தவர் பெயரும் கோயிலிடம் பெற்றவர் பெயரும்தான் கல்லுக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்று. மூன்றாம் குலோத்துங்கன் மதுரையும் ஈழமும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்று பட்டம் போட்டுக்கொண்டவன். அவன் ஆட்சியில், 1201இல், திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சம். பட்டத்தை மட்டும் படித்தால் அது ஒரு பொற்காலம்.

தஞ்சைக் கோபுர நிழல் தரையில் விழாது, உச்சிக் கல் 80 டன் ஒற்றைக்கல் என்கிறார்களே?

நிழல் விழும். மாலையில் போய்ப் பார்த்தால் தெரியும். உச்சியில் இருப்பது ஒற்றைக்கல் அல்ல, பல கற்கள் சேர்த்தது. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஒரு காலத்தில் மறந்துபோய், கரிகால் சோழன் என்ற பழைய மன்னன் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்வெட்டுகளை முறையாகப் படித்த பிறகுதான் இராஜராஜன் பெயர் திரும்பி வந்தது. எழுத்து கண் முன்னால் சுவரில் இருந்தும், படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனதால் நேர்ந்தது இது.

செப்பேட்டில் போலி உண்டா?

தாராளமாக. நிலம் சம்பந்தப்பட்ட எதிலும் போலி உண்டு. கர்நாடகத்துக் கங்க அரசர் பெயரில் கிடைத்த செப்பேடுகள் பலவற்றைப் போலி என்று கல்வெட்டறிஞர் ஃபிளீட் நூறாண்டுக்கு முன்பே ஒதுக்கினார். எழுத்தின் வடிவம் சொல்லப்படும் காலத்துக்குப் பிந்தியதாக இருக்கும், அல்லது நாள், நட்சத்திரம், திதி ஒன்றோடொன்று பொருந்தாது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

நேர்மையான நகலும் உண்டு. சோழ அரசி செம்பியன் மாதேவி பழைய செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். திருக்கோடிக்காவலில் அவற்றின் தொடக்கத்தில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று எழுதியிருக்கிறது. நகலை நகல் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்தில் இல்லாத, வாய்வழியாக வரும் வரலாற்றை நம்பலாமா?

தேதிக்கும் எண்ணிக்கைக்கும் நம்ப வேண்டாம். மனசுக்கு நம்பலாம். மருதநாயகம் என்ற யூசுப்கானைக் கிழக்கிந்தியக் கம்பெனி தளபதியாக வைத்திருந்தது, பிறகு 1764 அக்டோபரில் ஆற்காட்டு நவாபின் ஆணைப்படி அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனிக் காகிதங்களில் அவர் கலகக்காரர். கான்சாகிபு கதைப்பாடலில் அவர் வீரர். தூக்கிலிட்ட தேதிக்குக் காகிதம் போதும். அவர் சாவை மதுரைப் பக்கத்து மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குப் பாட்டைத்தான் கேட்க வேண்டும். பாடியவருக்கும் ஒரு பக்கம் இருந்தது, அவருக்குச் சன்மானம் கொடுத்தவரும் இருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாமே ஒருதலைப்பட்சம் என்றால், ஆளுக்கொரு வரலாறு எழுதிக்கொள்ளலாமே?

அது கூடாது. வேள்விக்குடிச் செப்பேடு பக்கச்சார்பானது என்று தெரிந்ததே இன்னும் நாலு சான்றுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான். வெறும் சந்தேகம் மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறவர், தனக்குப் பிடித்த மன்னனுக்கு மட்டும் அந்தச் சந்தேகத்தைக் காட்டமாட்டார். சாதிப் பெருமைக்காக அரசர்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் பதிவுகளைப் பார்த்தாலே இது புரியும்.

எங்கள் ஊர்க் கோயிலில் எழுத்து இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

எண்ணெய், சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தடவாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், எழுத்து தெளிவாகத் தெரியும். எந்தச் சுவர், எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனையாவது வரிசைக் கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன, உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். படியெடுத்தும் முழுப் பாடமாக அச்சுக்கு வராத கல்வெட்டுகள் ஏராளம்.

திருப்பணி என்று ஊரில் பேச்சு எழுந்தால் முதலிலேயே போய்க் கேளுங்கள். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில் பல கோயில்களில் எழுத்து மழுங்கிப் போயிருக்கிறது. துண்டுக் கல்வெட்டைப் படிக்கட்டாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போட்டிருப்பார்கள். அதைப் புரட்டி வைக்க முடியாவிட்டாலும், படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதிப் போடுங்கள்.